ஊர் கூடி வகுத்த திட்டம்: உத்திரமேரூர் முதல் முலுண்ட் வரை

முன்னுரை

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம்மவர் வழக்கு. தேரை இழுக்க ஊர் வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் நாம், அந்தத் தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் கூட்டத்திற்கு ஊரை அழைக்கிறோமா? மாநகராட்சித் திட்டங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே மும்பைத் தமிழரிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "அதெல்லாம் மேல இருக்கறவங்க பார்த்துக்குவாங்க." மற்றொன்று, "நாம பொழைக்க வந்தவங்க, நமக்கெதுக்குங்க அந்த வம்பு?" முலுண்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருக்கும் நானே இந்த இரண்டையும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இக்கட்டுரை ஒரு வகையில் அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே.

ஒரு வட்டாரத்தில் வாழும் மக்கள் ஒன்றுகூடி, "இன்னும் இருபது ஆண்டுகளில் நம்ம ஏரியா எப்படி இருக்கணும்?" என்று தாங்களே பேசி, தாங்களே எழுதி, அதை உள்ளாட்சியின் திட்டமாக ஆக்க முயல்வதை 'ஊர்நோக்கு வகுத்தல்' என்று கூறலாம். பெயர் புதிது. காரியம் அவ்வளவு புதிதன்று. இம்மாநகரில் அதற்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையான ஒருவர் நம் தமிழர் என்பதும், அவர் பங்களாவிலிருந்து அல்ல, குடிசையிலிருந்து புறப்பட்டவர் என்பதும் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதும், அதிலிருந்து முலுண்ட் தமிழர் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடவோலையும் அதன் எல்லையும்

உள்ளாட்சி என்றதும் உத்திரமேரூரில் தொடங்குவது நம் மேடை மரபு. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அங்கேயே நின்றுவிடப் போவதில்லை.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற இரு கல்வெட்டுகள் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வாறு வந்தவர்கள் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றில் பணியாற்றினர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் பின்னர் ஓலை எழுதும் தகுதியை இழந்தனர். இந்த ஒரு விதி இன்றைக்கு இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்காதவர் உண்டா?

ஆயினும் பெருமையோடு உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி 35 முதல் 70 வரை வயது, இவ்வளவும் உடைய ஆண்களின் பெயர்தான் ஓலைக்கு வந்தது. வயலில் உழுதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆகவே உத்திரமேரூர் நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று, ஊர்க் காரியத்தை ஊரே நடத்த முடியும். மற்றொன்று, எந்தச் சபையைப் பார்த்தாலும் "இந்தக் குடத்தில் யாருடைய ஓலை இல்லை?" என்று கேட்க வேண்டும். இனி வரும் வரலாறு முழுவதிலும் இந்தக் கேள்வியை நாம் கையில் வைத்துக்கொள்வோம்.

மேலிருந்து வரைந்த நகரம்

பம்பாய் மாநகராட்சியில் தேர்தல் முறை 1872ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மொத்தம் 64 உறுப்பினர். அவர்களுள் பாதிப்பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். பெரோஸ்ஷா மேத்தா போன்றோர் இதற்காக வாதாடினர். இன்றும் மாநகராட்சிக்கு அடிப்படையாக உள்ளது 1888ஆம் ஆண்டுச் சட்டமே. ஆனால் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை என்பது 1948 தேர்தலில்தான் கிடைத்தது. அதாவது முக்கால் நூற்றாண்டுக் காலம், நகரைக் கட்டிய கூலித் தொழிலாளியின் ஓலை குடத்தில் இல்லை.

1896இல் பிளேக் நோய் வந்தது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெருக்கடியான பழைய பகுதிகளை இடிப்பதும், புதிய சாலைகளையும் புறநகர்களையும் உருவாக்குவதும் அதன் வேலை. நம்மவர் காலூன்றிய மாட்டுங்கா இந்த டிரஸ்ட் வகுத்த புறநகர்தான். அகலமான தெரு, வரிசையான கட்டடம், நடுவே பூங்கா என்று அழகாகத்தான் அமைத்தார்கள். யாரைக் கேட்டு அமைத்தார்கள் என்ற கேள்வி மட்டும் அன்று எழவில்லை. 1933இல் அந்த டிரஸ்ட் மாநகராட்சியோடு இணைந்தது.

நம் முலுண்டும் திட்டமிட்டு உருவான ஊரே. 1922இல் கிரவுன் அண்டு கார்ட்டர் என்ற கட்டடக்கலை நிறுவனம் ரயில் நிலையத்திலிருந்து பாஞ்ச் ரஸ்தா வரை கட்டம் கட்டமாகத் தெருக்களை வகுத்தது. இன்றைக்கும் முலுண்ட் மேற்கில் வழி தவறாமல் நடக்க முடிகிறதென்றால் அந்த வரைபடத்திற்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1957இல் முலுண்ட் மும்பை மாநகராட்சி எல்லைக்குள் வந்தது; இன்று அது 'டி' வார்டு. மாட்டுங்காவும் முலுண்டும் நல்ல திட்டங்கள்தாம். ஆனால் இரண்டும் மேலிருந்து வரைந்தவை. அங்கே குடியேறப் போகிறவர்களுக்கு அதில் பேச்சில்லை.

குப்பைப் பொட்டலம்: ஜனதா காலனி

கீழிருந்து வரைந்த கதை செம்பூருக்கு அப்பால், மான்குர்டு ஜனதா காலனியில் தொடங்குகிறது. அதன் நாயகர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1960களில் பிழைப்புத் தேடி பம்பாய் வந்து, தச்சு வேலை பார்த்து, ஜனதா காலனியில் தங்கியவர். அங்கே ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்தனர். நம்மவர்களும் அதில் கணிசம்.

காலனியில் குப்பை அள்ள யாரும் வருவதில்லை. மனு எழுதியும் பயனில்லை. ஜோக்கின் ஒரு காரியம் செய்தார். தாம் பாடம் சொல்லிக் கொடுத்துவந்த காலனிப் பிள்ளைகளைத் திரட்டினார். ஆளுக்கொரு காகிதத்தில் குப்பையைப் பொட்டலம் கட்டச் சொன்னார். பிள்ளைகள் ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலகத்தின் வாசலில் பொட்டலங்களைப் போட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் பேச்சுக்கு வந்தார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு முறை இருக்கிறது. குறையைச் சொல்வதோடு நிற்காமல், அதை எல்லோரும் பார்க்கும்படி வைப்பது, பிறகு உட்கார்ந்து பேசுவது. அவர் பிற்காலத்தில் செய்த பெரிய காரியங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே வித்து எனலாம்.

அந்த நிலம் அணு ஆராய்ச்சி மையத்தின் குடியிருப்புக்குத் தேவை என்று அரசு கருதியது. நீதிமன்றம், டில்லி, உண்ணாவிரதம் என்று பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்கள் டிராம்பேயில் சீத்தா கேம்ப் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டனர். இன்றும் அங்கே தமிழ்ப் பேச்சு கேட்காத தெரு அரிது. காலனியை இழந்த ஜோக்கின் ஒன்றைக் கற்றுக்கொண்டார். "வேண்டாம்" என்று சொல்வது மட்டும் போதாது. "எங்கள் திட்டம் இது" என்று சொல்லவும் மக்களுக்குத் தெரிய வேண்டும்.

எண்ணத் தெரிந்தவர்கள்: தாராவி, 1986

1974இல் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவராக ஜோக்கின் விளங்கினார். 1984இல் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனம் உருவானது. நடைபாதைப் பெண்களின் சேமிப்புக் குழுவாகிய மஹிளா மிலன் 1986இல் பிறந்தது. இம்மூன்றும் கைகோத்தன. ஸ்பார்க் 1985இல் நடைபாதைவாசிகளை எண்ணி அறிக்கை வெளியிட்டிருந்தது. அடுத்து வந்தது தாராவி.

1985 இறுதியில் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பெரும்பகுதி தாராவியின் மேம்பாட்டிற்கு. அரசு போட்ட கணக்கில் தாராவியின் மக்கள்தொகை மிகவும் குறைவாகக் காட்டப்பட்டது. நெரிசலைக் குறைக்கப் பல ஆயிரம் குடும்பங்களை வெளியே அனுப்பும் யோசனையும் அதில் இருந்தது. கணக்கில் வராதவருக்கு வீடு எப்படி வரும்?

அப்போதுதான் மக்கள் தங்களைத் தாங்களே எண்ணினார்கள். சந்து சந்தாகப் போய் வீட்டுக்கு எண் இட்டார்கள். யார் யார் இருக்கிறார்கள், என்ன தொழில், எத்தனை ஆண்டாக என்று கேட்டு எழுதினார்கள். எண்ணியவர்கள் அதே சந்தில் வாழ்ந்தவர்கள். ஆகவே, "இந்த மாடில இன்னொரு குடும்பம் இருக்கே, அதை விட்டுட்டீங்களே" என்று சொல்ல ஆள் இருந்தது. எழுதியதை மக்கள் முன் வாசித்துத் திருத்தவும் முடிந்தது. முடிவில், 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் என்ற கணக்கு வந்தது. அதன்பின் பழைய எண்ணை வைத்துக்கொண்டு தாராவியைப் பற்றி யாரும் எளிதாகப் பேச முடியவில்லை.

எண்ணிக்கையோடு அவர்கள் நிற்கவில்லை. மஹிளா மிலன் பெண்கள் தங்கள் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே வரைந்தார்கள். அளவு நாடா பழக்கமில்லாதவர்கள் தங்கள் புடவையைக் கொண்டே நீள அகலத்தைப் பேசிக்கொண்டனர். உள்ளே ஒரு பரண் தளம் வைத்த உயரமான சிறு வீட்டின் மாதிரியை முழு அளவில் கட்டிக் கண்காட்சியாக வைத்தார்கள். அதிகாரிகளும் என்ஜினீயர்களும் வந்து பார்த்தார்கள். பொதுக் கழிப்பிடம் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள். குழந்தைகளுக்குத் தனி இடம், ஆண் பெண் இருவருக்கும் தனி வாசல், பராமரிப்பவர் குடியிருக்க ஓர் அறை. இவையெல்லாம் தினமும் வரிசையில் நின்ற பெண்களுக்குத் தெரிந்தவை. மேஜையில் உட்கார்ந்து வரைந்தவருக்குத் தோன்றாதவை.

1996இல் உருவான பன்னாட்டுக் குடிசைவாசிகள் அமைப்பின் மூலம் இம்முறை ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்குப் பரவியது. ஜோக்கின் 2000இல் ராமன் மகசேசே விருதும், 2011இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 2018 அக்டோபர் 13 அன்று மறைந்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத ஒரு தமிழர் உலகிற்கு நகரத் திட்டமிடல் சொல்லிக் கொடுத்தார் என்று நாம் பெருமைப்படலாம். அந்தப் பெருமையோடு அவருடைய முறையையும் கற்றுக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

வெளியூர்ப் படிப்பினைகள் இரண்டு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சாட்டனூகா என்றொரு தொழில் நகரம். 1969இல் அந்நாட்டிலேயே காற்று மிகவும் மாசடைந்த நகரம் என்று பெயரெடுத்தது. 1984இல் அவ்வூர் மக்கள் 'விஷன் 2000' என்ற பெயரில் பல மாதங்கள் தொடர்ந்து கூடினார்கள். ஏறத்தாழ 1,700 பேர் கலந்துகொண்டு 40 இலக்குகளை வகுத்தனர். ஆற்றங்கரை திருத்தப்பட்டது. பழைய பாலம் ஒன்று இடிபடாமல் நடைபாதைப் பாலமாக மாறியது. 1990களின் தொடக்கத்தில், இலக்குகளில் பெரும்பாலானவை நிறைவேறிய நிலையில், மறுபடி கூட்டம் போட்டுப் புதிய இலக்குகள் வகுத்தார்கள்.

நம் அண்டையில் கேரளம் 1996 ஆகஸ்ட் 17 அன்று மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் கிராம சபை. அதில் எழுந்த தேவைகளைத் தொகுத்து வளர்ச்சி அறிக்கை. பிறகு கருத்தரங்கு. பிறகு துறைவாரிப் பணிக்குழுக்கள். அதன்பின் திட்டம். நடுத்தர வர்க்கத்தார் கிராம சபைக்கு வரத் தயங்கினார்கள் என்பது அங்கே கண்ட குறை. நம் சொசைட்டிக் கூட்டங்களை நினைத்தால் இது வியப்பில்லை.

இரண்டுக்கும் பொதுவானது ஒன்று. கூட்டம் போட்டவுடன் பணமும் பொறுப்பும் தீர்மானிக்கப்பட்டன. தீர்மானம் மட்டும் போட்டுக் கலைந்த கூட்டங்களை வரலாறு நினைவில் வைப்பதில்லை.

2034க்கான வரைபடம்

மும்பைக்கு வருவோம். 1966ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மண்டல, நகரத் திட்டச் சட்டப்படி மாநகராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். டி.பி. என்று நாம் சொல்வது அதைத்தான். எந்த மனையில் பள்ளி, எங்கே மைதானம், எந்தத் தெரு அகலமாகும் என்பதெல்லாம் அதில் அடங்கும். வரைவு வெளியானபின் ஆட்சேபம் சொல்ல மக்களுக்குக் கெடு உண்டு. முந்தைய காலத்தில் அந்த வரைபடத்தைச் சாதாரண ஆள் பார்த்ததே அபூர்வம்.

2034 வரைக்குமான திட்டத்திற்கு நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் தயாரானபோது, நகர ஆய்வு நிறுவனமான யு.டி.ஆர்.ஐ., யுவா போன்ற அமைப்புகள் அவற்றை மக்கள் முன் விரித்து வைத்தன. 'ஹமாரா ஷஹர் விகாஸ் நியோஜன் அபியான்' என்ற இயக்கம் குடிசைப் பகுதிகளில் கூட்டங்கள் நடத்தியது. மக்கள் தங்கள் தெருவைத் தேடினார்கள். தவறுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. குடிசைப் பகுதிகளின் உள்விவரம் இல்லை. தனித் திட்ட ஆணையத்தின் கீழ் இருந்ததால் தாராவி டி.பி.க்கு வெளியே விடப்பட்டிருந்தது.

2015 பிப்ரவரியில் வரைவு வெளியானது. இருக்கிற கட்டடத்தின் நடுவே சாலை, பழைமையான கட்டடங்கள் பற்றிய தவறான குறிப்பு என்று குறைகள் வெளிவந்தன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்களும் யோசனைகளும் குவிந்தன. அந்த ஏப்ரலில் முதலமைச்சர் தேவேந்திர ஃபட்னவிஸ் வரைவைத் திருத்தி எழுத ஆணையிட்டார். திருத்திய வரைவு 2016இல் வந்தது. 2018இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வெறும் காகித மனுக்களால் ஒரு மாநகரின் வரைபடம் திரும்பப் பெறப்பட்டது என்பது சிறிய செய்தியன்று. ஆனால் இங்கும் மக்கள் செய்தது, பிறர் வரைந்ததில் பிழை திருத்தியதே. முதல் கோட்டை அவர்கள் போடவில்லை.

முலுண்டும் தாராவியும்

முலுண்ட் கிழக்கில், ஹரிஓம் நகருக்கு அருகே 24 ஹெக்டேர் பரப்பில் குப்பைக் கிடங்கு ஒன்று 1960களின் பிற்பகுதியிலிருந்து இயங்கிவந்தது. காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்துவது முலுண்ட்வாசிகளின் பழக்கம். பல்லாண்டு மனுக்களுக்கும் ஆர்ப்பாட்டங்களுக்கும் பிறகு, 2018 அக்டோபர் 1 முதல் அங்கே குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. சுமார் 70 லட்சம் டன் பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் பணிக்கு ஒப்பந்தம் விடப்பட்டது. மூடச் சொல்வதில் நாம் ஒற்றுமையாக இருந்தோம். மூடியபின் அங்கே என்ன வர வேண்டும் என்று ஊர் கூடிப் பேசி எழுதி வைத்தோமா என்றால், இல்லை.

அதன் விளைவு பின்னால் தெரிந்தது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்காக 2023இல் முலுண்டில் 64 ஏக்கர் நிலம் கேட்கப்பட்டது. சுங்கச் சாவடி நிலமும் இந்தக் குப்பைக் கிடங்கு நிலமும் அதில் அடக்கம். திட்டத்தின்படி 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பிந்தி வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. முலுண்டில் எதிர்ப்பு எழுந்தது. பிறகு 2024 செப்டம்பர் 30 அன்று மாநில அமைச்சரவை 255.9 ஏக்கர் உப்பள நிலத்தை இத்திட்டத்திற்கு ஒப்புக்கொண்டது. அதில் முலுண்டில் மட்டும் 58.5 ஏக்கர். உப்பளங்கள் மழைநீரை வாங்கிக்கொள்ளும் தாழ்நிலங்கள். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த கதை நமக்கு மறக்கவில்லை.

அந்த நாள்களில் எங்கள் கட்டடத்திலும் கூட்டம் நடந்தது. தண்ணீர் பத்தாது, லோக்கல் ரயிலில் ஏறவே முடியாது, பள்ளி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்று பலர் பேசினார்கள். எல்லாம் நியாயமான கவலைகள். நடுவே ஒருவர், நம் தமிழர்தான், "தாராவி ஆளுங்க இங்க வந்தா ஏரியாவே கெட்டுப்போயிடும்" என்றார். சிலர் கை தட்டினார்கள். பின்வரிசையில் இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "எங்க அக்கா தொண்ணூறு அடி ரோட்டுலதான் இருக்கா அண்ணாச்சி. மாடி ரூம்ல. அவ எங்க போவா? அவகிட்டயும் ஒருத்தரும் கேக்கல."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் முதலில் வந்து இறங்கியதும் தாராவியில்தான். ஒரு சொந்தக்காரர் வீட்டில் எட்டுப் பேரோடு எட்டு மாதம் படுத்து எழுந்திருக்கிறேன். கை தட்டியவர்களில் நான் இல்லை. ஆனால் எழுந்து மறுத்தவனும் நான் இல்லை. முலுண்டுக்காரரிடம் கேட்காமல் நிலம் எடுக்கப்படுகிறது. தாராவிக்காரரிடம் கேட்காமல் இடம் ஒதுக்கப்படுகிறது. கேட்கப்படாத இருவரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்கிறோம். இரண்டு பேரின் ஓலையும் குடத்தில் இல்லை என்பதுதான் உண்மை.

நாம் செய்யக்கூடியவை

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி மும்பையில் வார்டு கமிட்டிகள் அமைந்தன. அவற்றில் தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. பகுதி சபைகளுக்கு வழிசெய்யும் சட்டத்தை மகாராஷ்டிரம் 2009இல் இயற்றியும் மும்பையில் அவை வேரூன்றவில்லை. தமிழ்நாட்டின் நகரங்களில் 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தபின், மும்பை கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் மக்கள் பிரதிநிதி இன்றி நிர்வாகியின் கீழ் இருந்தது. ஆகவே சட்டம் வந்து கதவைத் தட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பக்கத்து காட்கோபரில் ஜோஷி லேன் மக்கள் 1990களின் பிற்பகுதியில் தங்கள் தெருக் குப்பையைத் தாங்களே பிரித்து, ஏ.எல்.எம். என்ற வட்டார மேலாண்மைக் குழு முறைக்கு வழிகாட்டினர். அது பின்னர் நகரம் முழுதும் பரவியது. ஒரு சந்து செய்ததை ஒரு வார்டு செய்ய முடியாதா?

மேலே கண்ட வரலாற்றிலிருந்து சில படிகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, அழைப்பு. கூட்டத்தை ஒரு கட்சியோ ஒரு மொழிச் சங்கமோ தனியே கூட்டக் கூடாது. மராட்டியர், குஜராத்தியர், மலையாளிகள், கன்னடர், நாம் என அனைவரும் சேர்ந்த ஏற்பாட்டுக் குழு வேண்டும். சொசைட்டிச் செயலாளர் மட்டும் போதாது. வாட்ச்மேன், வீட்டு வேலை செய்யும் பெண்கள், காய்கறி வண்டிக்காரர், மலையடிவாரக் குடிசைவாசிகள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓலை வேண்டும். கூட்டத்தை அவர்கள் வரக்கூடிய நேரத்திலும் இடத்திலும் வைக்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணிக்கை. தாராவி காட்டிய வழி இது. நம் வார்டில் எத்தனை பேருக்கு எத்தனை மைதானம், எத்தனை பொதுக் கழிப்பிடம், குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் என்பதை நாமே எழுத வேண்டும். டி.பி. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தால், காகிதத்தில் உள்ள பூங்கா தரையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, கேள்வி. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் இதற்கு நான்கு எளிய கேள்விகள் வைத்திருக்கிறார்கள். இப்போது எங்கே இருக்கிறோம்? எங்கே போய்க்கொண்டிருக்கிறோம்? எங்கே போக விரும்புகிறோம்? அங்கே எப்படிப் போவது? நம் கூட்டங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியில் புலம்பி முடிந்துவிடுகின்றன.

நான்காவது, எழுத்தும் பொறுப்பும். முடிவுகள் மராத்தியிலும் மற்ற மொழிகளிலும் எழுதப்பட வேண்டும். ஒவ்வோர் இலக்கின் எதிரிலும் யார் பொறுப்பு, எந்த ஆண்டு, எந்தப் பட்ஜெட் தலைப்பு என்று இருக்க வேண்டும். புனே மாநகராட்சி 2006 முதல் தன் பட்ஜெட்டுக்கு மக்களிடமே சிறு வேலைகளுக்கான யோசனை கேட்டது. அதை இங்கும் கேட்கச் சொல்லலாம்.

ஐந்தாவது, கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை அதே மக்கள் முன், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வாசிக்க வேண்டும். உத்திரமேரூர்க்காரர்கள் கணக்கில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்று பார்த்தோம்.

முடிவுரை

இவற்றால் தாராவி, முலுண்ட் சிக்கல் மறுநாளே தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நிலம் குறைவு, மக்கள் அதிகம், பணம் பலமானது. ஆனால் முலுண்டில் ஒரு பொதுத் திட்டம் முன்பே எழுதப்பட்டிருந்தால், "இத்தனை பேர் வரலாம், அதற்கு இத்தனை பள்ளி, இவ்வளவு தண்ணீர், இந்த ரயில் வசதி முதலில் வேண்டும், உப்பளத்தைத் தொடாதீர்கள்" என்று கணக்கோடு பேசியிருக்கலாம். தாராவி மாடி அறையில் இருக்கும் அக்காவும் அந்தப் பேச்சில் நம் பக்கம் உட்கார்ந்திருப்பார். எதிர்ப்பு வேறு, வெறுப்பு வேறு என்று அப்போது நமக்கே தெளிவாகியிருக்கும்.

தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் வைக்கின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன, மலர் வெளியிடுகின்றன. எல்லாம் தேவையே. அதோடு ஆண்டுக்கு ஒருநாள், முலுண்ட் வரைபடத்தைத் தரையில் விரித்து, தாராவியிலும் சீத்தா கேம்பிலும் உள்ள நம் உறவுகளையும், பக்கத்து வீட்டு மராட்டிய அன்பரையும் அழைத்து உட்காரலாமே. பென்சில் ஒன்று போதும். பிழைக்க வந்த ஊர் என்று சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை ஆகிவிட்டது. நம் பேரப்பிள்ளைகளுக்கு இது பிறந்த ஊர். அவர்கள் வாழப்போகும் தெருவில் முதல் கோட்டைப் போடும்போது நாமும் அங்கே இருப்போம்.